நாற்பத்திரண்டு மில்லிகிராம்

மேல வெக்க வேண்டாந் தம்பி. இல்லீங்க, இல்லீங்க, மடியிலயே இருக்கட்டும். அந்த நீளப் பையை வேணும்னா மேல போடுங்க, அது துப்பாக்கிதான். அட, எதுக்குங்க இப்படி ஜன்னலோட ஒட்டி உக்கார்றீங்க? காத்துத் துப்பாக்கிங்க. போட்டியில சுடறது. காயிதமெல்லாம் பக்காவா இருக்குது, கண்டக்டரே பாத்துட்டுத்தான் ஏத்தினாரு. அதை எங்க வேணும்னாலும் போடுங்க, ஒண்ணும் ஆகாது. இந்தப் பெட்டிக்குத்தான் குலுங்கக் கூடாது. இது தராசு.

சிரிங்க, சிரிங்க. துப்பாக்கியை மேல போட்டுட்டுத் தராசை மடியில வெச்சுக்கற ஆளை நீங்க உடுமலை பஸ்ஸுல பாத்திருக்க மாட்டீங்க. நானும் பாத்ததில்லீங்க, கண்ணாடியில தவிர.

என்ற பேரு நாச்சிமுத்து. முப்பத்தோரு வருசம் ஸ்பின்னிங் மில்லுல குவாலிட்டி. குவாலிட்டின்னா என்னன்னு கேட்டீங்கன்னா, நூலை அளந்து வெட்டி எடை போட்டு, இது நாப்பதாம் நம்பர் நூலா, முப்பத்தொம்பதரையான்னு சொல்றது. அரை நம்பர் தப்பினா மொத்த மெஷினையும் நிறுத்திப் போடுவேன். மேனேஜரே வந்து, "நாச்சிமுத்து, கொஞ்சம் பாத்து விடப்பா"ம்பாரு. விட மாட்டேன். தராசு சொன்னாச் சொன்னதுதான். இதை எதுக்குச் சொல்றேன்னா, எடை விசயத்துல எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லித்தர முடியாதுங்கற திமிரு எனக்கு நெம்ப இருந்துச்சு. இப்பக் கொஞ்சம் கம்மி. கொஞ்சந்தான்.

ரிட்டயர் ஆனதும் பிரஷர் வந்துருச்சு. டாக்டர் காலையில நடங்கன்னாரு. நடக்கற வழியில ரைஃபிள் கிளப்பு. உள்ள இருந்து 'டப், டப்'புனு சத்தம் வரும். ஒரு நாள் எட்டிப் பாத்தேன். அங்க இருதயராஜ்னு ஒரு சுபேதாரு, பட்டாளத்துல இருந்து வந்தவரு, அவர்தான் கோச்சு. "வாங்க சார், ஒரு ரவுண்டு சுட்டுப் பாருங்க"ன்னாரு. சுட்டேன். மொதல் குண்டே பத்து. பத்துன்னா நட்டநடுப் புள்ளி தம்பி. பத்து மீட்டர் தள்ளி ஒரு அட்டை, அதுல நடுவுல கடுகைவிடச் சின்னப் புள்ளி. அதுல போய்த் தைச்சுது. சுபேதாரு, "பிறவிக் கை சார் உங்களுக்கு"ன்னாரு. அன்னைக்கு அந்த மனுசன் அப்படிச் சொல்லாம இருந்திருந்தா நான் இன்னைக்கு ஊட்டுல உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருப்பேன். அந்த மொதல் குண்டு தற்செயல்னு எனக்கே மூணு வருசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.

கணக்கு இதுதாங்க. மொத்தம் அறுவது குண்டு. ஒண்ணுக்குப் பத்து வீதம் அறுநூறு. மாவட்டப் போட்டியில ஐநூத்தி நாப்பது எடுத்தா மாநிலப் போட்டிக்குப் போகலாம். மொத வருசம் நான் ஐநூத்தி முப்பத்திமூணு. ரெண்டாவது வருசம் ஐநூத்தி முப்பத்தஞ்சு. அஞ்சு பாயிண்டுல போச்சு. அன்னைக்குச் சாயங்காலம் என்ற மச்சான் ஊட்டுக்கு வந்திருந்தான். "மாமா, மூணாவது வருசமும் போறீங்களா?"ன்னு ஒரு மாதிரி சிரிச்சான். நான் வாயை வெச்சிட்டுச் சும்மா இருக்கலாமில்ல? "அடுத்த வருசமும் தகுதி வரலைன்னா துப்பாக்கியைக் கிளப்புக்கே எழுதிக் குடுத்துட்டு வந்துருவேன், அப்பறம் அந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்க மாட்டேன்"னு சொல்லிப்போட்டேன். ஊட்டுக்காரி, மயிலாத்தா, ரசம் ஊத்திட்டிருந்தா. கரண்டி அப்படியே நின்னு போச்சு.

சொன்னதுக்கப்பறம் ராத்திரி உக்காந்து யோசிச்சேன். மில்லுல இருந்த வரைக்கும் ஒரு நாளைக்கு நாப்பது பேரு "சார், இது சரியா?"ன்னு எங்கிட்டக் கேப்பாங்க. ரிட்டயர் ஆன பின்னால எங்கிட்டக் கேக்கற ஒரே கேள்வி, "கேன் தண்ணி வந்துருச்சா?" கிளப்புல போய் அந்தத் தடி ஜாக்கெட்டை மாட்டிட்டு நின்னாத்தான் நான் ஒரு ஆளுன்னு இருக்கும். அதையும் கொடுத்துட்டு என்ன செய்யறது? நெசமாவே பயந்துட்டனுங்க.

பயந்தவன் என்ன செய்யோணும்? போய்ப் பழகோணும். நான் குண்டை எடை போட்டேன்.

ஆமாங்க. பெல்லட்டும்பாங்க, ஈயக் குண்டு, இடுப்புச் சிறுத்த உடுக்கை மாதிரி இத்துனூண்டு இருக்கும். ஒரு டப்பாவுல ஐநூறு. எல்லாம் ஒரே எடைன்னு டப்பா மேல போட்டிருக்கும். மில்லுல நூல் கோன் மேலயுந்தான் நாப்பதாம் நம்பர்னு போட்டிருக்கும், எனக்குத் தெரியாதா? என்ற யோசனை எப்படிப் போச்சுன்னா: கை என்னோடது சரியா இருக்குது, பிறவிக் கை. கண்ணு ஆபரேசன் பண்ணியாச்சு. துப்பாக்கி புதுசு. அப்ப அந்த அஞ்சு பாயிண்டு எங்க போச்சு? குண்டுலதான் போச்சு! ஒண்ணு கனமா, ஒண்ணு லேசா இருந்தா மேலயும் கீழயும்தானே போகும்? சுபேதாருகிட்டச் சொன்னேன். அவரு டீயை வெச்சுட்டு, "சார், குண்டு நீங்க காட்டின எடத்துக்குத்தான் போகுது"ன்னாரு. பட்டாளத்துக்காரருக்கு குவாலிட்டி என்ன தெரியும்னு நெனச்சுக்கிட்டேன்.

அப்பத்தான் இந்தத் தராசை வாங்கினேன். மில்லிகிராம் காட்டும். ஒரு தலைமுடியைப் போட்டா எடை சொல்லும். போன புரட்டாசியில வந்துச்சு. வந்த அன்னைக்கு நான் இருந்த இருப்பைப் பாத்து மயிலா, "பேரன் பொறந்தப்பக்கூட இத்தனை சந்தோசமா இல்ல"ன்னா.

எடை பாத்துப் பிரிச்சுப் போடறதுக்குத் தனித்தனிக் குழி வேணுமில்லீங்க? ஐநூத்தி இருபத்தெட்டு மில்லிகிராம் ஒரு குழி, இருபத்தொம்பது ஒரு குழி, முப்பது ஒரு குழி. ஊடு பூராத் தேடினேன். சமையல்கட்டுல மயிலாவோட பணியாரச் சட்டி இருந்துச்சு. பன்னண்டு குழி, அளவெடுத்துச் செஞ்ச மாதிரி. எடுத்துட்டேன். "ஏனுங்க, அது பணியாரச் சட்டிங்க"ன்னா. "தெரியுது"ன்னேன். அதோட எங்கூட்டுல பணியாரம் நின்னு போச்சு. ஈயம் பட்ட சட்டி, இனி அடுப்புல ஏத்த முடியாதுன்னு அதுக்கப்பறந்தான் எனக்கே தோணுச்சு.

போட்டி, பயிற்சியெல்லாம் ஞாயித்துக்கிழமை. அதனால வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடை. அது ஒரு பெரிய ஏற்பாடுங்க. ஃபேன் நிறுத்தோணும், காத்துல தட்டு ஆடும். ஃப்ரிட்ஜ் நிறுத்தோணும், அதிரும். ஜன்னல் சாத்தோணும். போனைப் பின்கட்டுல கொண்டுபோய் வெக்கோணும். நம்ம ஊருக் காத்து தெரியுமில்ல, கதவிடுக்குல துணி திணிச்சுருவேன். வாயிலயும் மூக்குலயும் கர்ச்சீப் கட்டிக்குவேன், ஏன்னா மூச்சுக் காத்து பட்டா மூணு மில்லி தாவும். குண்டை இடுக்கியில எடுத்து வெச்சு, மூச்சைப் புடிச்சு, நம்பர் நிக்கற வரைக்கும் அசையாம இருப்பேன். பக்கத்து ஊட்டுக்காரர் போர் மோட்டார் போட்டா எங்கூட்டுத் தரை அதிருதுன்னு, ஆறு டூ எட்டு மோட்டார் போடாதீங்கன்னு போய்ச் சண்டை போட்டேன். அவரு ரெண்டு நாள் என்னையப் பாத்தா ரோட்டோட அந்தப் பக்கம் போனாரு. மயிலா அந்தப் புழுக்கத்துல வாசப்படியில உக்காந்து பேப்பர்ல விசிறிக்குவா.

டிக்கெட்டுங்களா? எடுத்தாச்சுங்க கண்டக்டர். மதுரை ஒண்ணு. ஆமா, நீங்க பாத்த அதே பைதான்.

எங்க விட்டேன்? ஆயுத பூஜை. தராசு வந்து மூணாவது வாரம் ஆயுத பூஜை வந்துச்சு. எங்கூட்டுல எல்லாத்துக்கும் சந்தனப் பொட்டு வெச்சுக் குங்குமம் வெப்பா மயிலா. துப்பாக்கிக்கு, ஸ்கூட்டருக்கு, மிக்ஸிக்கு, அருவாமனைக்கு. தராசுகிட்டச் சந்தனக் கிண்ணத்தோட வந்தா. நான் தடுத்துட்டேன். "மயிலா, இதுக்கு வேண்டாம். இது மில்லிகிராம் சமாச்சாரம். தட்டு மேல ஒரு தூசி இருக்கக் கூடாது"ன்னு பத்து நிமிசம் விளக்கம் சொன்னேன். மில்லுல முந்நூறு மெஷினுக்குப் பொட்டு வெச்சவன் நானு, அது வேற, இது வேறன்னு. பொறுமையாக் கேட்டா. "தட்டு மேல வெக்கக் கூடாது, அவ்வளவுதானுங்களே"ன்னா. அவ்வளவுதான்னேன். எத்தனை அழகாச் சொன்னதைப் புரிஞ்சுக்கறான்னு எனக்கு ஒரே பெருமை.

அன்னைக்கு இருந்துதான் தராசு கெட்டுப் போச்சு.

எப்படின்னா, ஆன் பண்ணி சைபர் வெச்சுட்டு உக்காருவேன். பத்துக் குண்டு பாத்துட்டு வெறுந்தட்டைப் பாத்தா மைனஸ் ரெண்டுன்னு காட்டும். சித்த நேரத்துல மைனஸ் அஞ்சு. மறுபடி சைபர் வெப்பேன். மறுபடி கீழ போகும். ஒரே குண்டை மூணு தரம் வெச்சேன் தம்பி. ஐநூத்தி முப்பது. ஐநூத்தி இருபத்தேழு. ஐநூத்தி இருபத்திமூணு. அந்தக் குண்டு என்ன, விரதமா இருக்குது இளைச்சுட்டே போக? நான் தலையில கை வெச்சு உக்காந்துட்டேன்.

நோட்டு போட்டேன். தேதி, மணி, வெயில், மழை, கரண்ட் வோல்ட்டேஜ், பக்கத்து ஊட்டு மோட்டார், எல்லாம் எழுதினேன். எழுதாத ஒண்ணு ஊட்டுல யாரு என்ன பண்றாங்கங்கறது. அதை யாருங்க எழுதுவாங்க?

பொள்ளாச்சியில முஸ்தபான்னு ஒரு தம்பி, நகைக்கடைத் தராசெல்லாம் சர்வீஸ் பண்றவரு. இதே மாதிரி மடியில வெச்சு பஸ்ஸுல கொண்டு போனேன். அவரு படிக்கல்லை வெச்சாரு. ஒரு கிராம். கரெக்டா நின்னுச்சு. அரை மணி நேரம் வெச்சிருந்தாரு. நம்பர் இமை கொட்டல. "சார், தங்கமாட்டம் இருக்கு"ன்னாரு. தட்டைக் கழட்டிப் பாக்கறேன்னு கையை வெச்சாரு. நான், "கழட்டாதீங்க! செட்டிங் போயிரும்"னு கத்தினேன். முப்பத்தோரு வருசம் குவாலிட்டி பாருங்க. அவரு கையை எடுத்துட்டாரு.

இப்படி மூணு தரம். அங்க போனா நல்லா இருக்குது, இங்க வந்தா ஓடுது. மூணாந்தரம் முஸ்தபா நிதானமாக் கேட்டாரு. "சார், எந்த நேரத்துல ஓடுது?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம்."

"வேற கிழமையில போட்டுப் பாத்தீங்களா?"

"தம்பி, மெஷினுக்குக் கிழமை தெரியுமா?"ன்னேன். கடையில இருந்தவங்கெல்லாம் சிரிச்சாங்க. நல்லா மடக்கிட்டோம்னு நானும் சிரிச்சேன்.

தயாரிச்ச கம்பெனிக்கு நாலு பக்கம் கடுதாசி எழுதினேன். 'தங்கள் கருவி என் விளையாட்டு வாழ்க்கையைச் சீரழித்துவிட்டது'ன்னு. அறுவது வயசுல எனக்கென்ன விளையாட்டு வாழ்க்கை! ஈரப்பதம் அதிகமில்லாத எடத்துல வெச்சுப் பயன்படுத்தவும்னு ரெண்டு வரியில பதில் வந்துச்சு. அதைக் கிழிச்சுப் போட்டேன். கிழிச்சிருக்கக் கூடாதுங்க. அவங்க சொன்னதுதான் நெசம்.

இதுக்கு நடுவுல மயிலா வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கேப்பா. "தராசு இன்னும் சரியாகலீங்களா?" இல்லேம்பேன். மொகம் வாடிப்போகும். மாசி மாசத்துல இருந்து ஓட்டம் திடீர்னு ரெண்டு மடங்காச்சு. நோட்டுல சிவப்பு மையில அடிக்கோடு போட்டு வெச்சிருக்கேன்: 'மாசி 1 முதல் ஓட்டம் இரட்டிப்பு. காரணம் தெரியவில்லை.'

கிளப்புல பயிற்சி ஸ்கோரும் எறங்கிட்டே வந்துச்சு. ஐநூத்தி முப்பத்திரண்டு, முப்பது. சுபேதாரு ஒரு நாள் பக்கத்துல வந்து நின்னாரு. "சார், மூச்சைப் பத்துப் பதினஞ்சு செகண்ட் அடக்கறீங்க. முன்னெல்லாம் இப்படிச் செய்ய மாட்டீங்களே? அடக்கினா உடம்பு நடுங்கும் சார்."

நான் அவருக்கு மில்லிகிராமைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சேன். அவரு தலையாட்டிட்டே போயிட்டாரு.

மாவட்டப் போட்டிக்கு மூணு வாரம் இருக்குது. எனக்குப் பொறுக்கல. முஸ்தபாவுக்குப் போன் போட்டு, "நீங்களே வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கூட்டுக்கு வந்து பாருங்க, இல்லைன்னா நான் தராசை உங்க கடை வாசல்ல போட்டு உடைக்கறேன்"னேன். நல்ல மனுசன். தொழுகை முடிச்சு, கடையைச் சாத்திட்டு, பொள்ளாச்சியில இருந்து வண்டியில வந்தாரு. மணி ஆறரை இருக்கும். மயிலா அப்பத்தான் வெளக்கேத்தி முடிச்சிருந்தா.

உக்காந்து பாத்தாரு. சைபர். மைனஸ் ஒண்ணு. மைனஸ் ரெண்டு. நான், "பாத்தீங்களா! பாத்தீங்களா!"ன்னு குதிக்கறேன். என்ற வியாதி நெசந்தான்னு டாக்டர் ஒத்துக்கிட்ட மாதிரி ஒரு சந்தோசம். அவரு மட்டம் பாத்தாரு, ஒயரைப் பாத்தாரு. அப்பறம் என்னைக் கேக்காமயே தட்டைத் தூக்கித் திருப்பினாரு.

தட்டுக்கு அடியில ரெண்டு பொட்டு.

ஈரச் சந்தனம் தம்பி, நடுவுல குங்குமம். அதுக்கு அடியில காஞ்ச பழைய சந்தனம், அடுக்கடுக்கா, எட்டு மாசத்துச் சந்தனம். மணக்குது. மயிலா டீ டம்ளரோட கதவுகிட்ட நிக்கறா. முஸ்தபா அவளைப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு. தட்டை இருந்த மாதிரியே வெச்சாரு. வெச்சுட்டு, "ஈரம் சார். ஈரம் இருக்கு. காஞ்சாச் சரியாயிரும்"னு சொல்லிட்டு, "குடுங்கம்மா"ன்னு டீயை வாங்கிக் குடிச்சுட்டுப் போயிட்டாரு. ஒரு வார்த்தை அதிகமாச் சொல்லல. நானா இருந்தா வாழ்நாளெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சிருப்பேன்.

அவரு வண்டி போன சத்தம் அடங்கினதும் கேட்டேன். "மயிலா, என்ன இது?"

"தட்டு மேல வெக்கக் கூடாதுன்னுதானுங்க சொன்னீங்க. அடியில வெச்சேன். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை."

"ரெண்டு பொட்டு எதுக்கு?"

"தராசு சரியில்லை, சரியில்லைன்னீங்க. மாசி வெள்ளிக்கு ஒண்ணு சேத்து வெச்சேன்."

இப்ப உங்களுக்குச் சிரிப்பு வருதில்ல? எனக்கு அன்னைக்குச் சிரிப்பும் வரல, கோபமும் வரல. நான் என்ன பண்ணினேன் தெரியுங்களா? சொல்லவே வெக்கமா இருக்குது. தட்டைச் சுத்தமாத் தொடைச்சேன். ஒரு துண்டுக் காயிதத்துல அவ கிண்ணத்துச் சந்தனத்தை அதே அளவுல ஒரு பொட்டு வெச்சு, தராசுல போட்டு, பக்கத்துல நோட்டை விரிச்சு உக்காந்துட்டேன். நிமிசத்துக்கு நிமிசம் எழுதறேன். அறுவத்தெட்டு. அறுவத்தேழு. ஒரு மணி நேரம். கடைசியில இருபத்தாறுல வந்து நின்னுச்சு. ஒரு பொட்டு காய்ஞ்சா போற தண்ணி நாப்பத்திரண்டு மில்லிகிராம்! எட்டு மாச மர்மம் வெளிச்சமாயிருச்சு! "மயிலா! நாப்பத்திரண்டு!"ன்னு கத்திட்டுச் சமையல்கட்டுக்கு ஓடினேன்.

அவ அங்க அரிசி பொடைச்சிட்டு அழுதுட்டிருந்தா. நான் நோட்டை நீட்டிட்டு நிக்கறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை தராசு சும்மா தங்கம். சைபர் சைபராவே நின்னுச்சு. அச்சாப் பொறுக்கி அறுவது குண்டு, அறுவதும் ஐநூத்தி முப்பது, ஒரு மில்லி கூடக் குறையக் கெடையாது. மயிலா அந்த ரூம் பக்கமே வரல. சந்தனக் கிண்ணத்தை எடுத்து எங்கயோ வெச்சுட்டா. ஞாயித்துக்கிழமை கிளப்புல ஒத்திகைப் போட்டி. நெஞ்சை நிமித்திட்டுப் போனேன்.

ஐநூத்தி இருபத்தேழு.

மூணு வருசத்துல நான் எடுத்ததுலயே கேவலமான ஸ்கோரு அதுதாங்க. சுபேதாரு அட்டையைப் பாத்தாரு. "குண்டெல்லாம் ஒரே எடைங்களா சார்?"

"ஒரே எடை."

"தராசு?"

"தராசு நூத்துக்கு நூறு."

அவரு அட்டையை எங்கையில குடுத்துட்டு அடுத்த ஆளுகிட்டப் போனாரு. கேக்க என்ன மிச்சம் இருக்குது? குண்டு போச்சு, தராசு போச்சு, மோட்டார் போச்சு, கம்பெனி போச்சு. லிஸ்டுல கடைசியா நிக்கறது நானு.

ஊட்டுக்கு வந்தேன். மயிலா இலையைப் போட்டா. கேக்கக் கூடாதுன்னு இருந்தவ, கேட்டுட்டா. "தராசு நல்லா இருந்துச்சுங்களா?"

"தராசு நல்லா இருக்குது. ஆளுதான் சரியில்ல"ன்னேன். அறுவது வயசுல மொதத் தடவையா அந்த வார்த்தை வந்துச்சுங்க. "அடுத்த ஞாயித்துக்கிழமை போட்டி. துப்பாக்கியைக் குடுத்துட்டு வந்துர்றேன். ஜெயிக்கட்டும்னு நீயும் எட்டு மாசம் பொட்டு வெச்சுப் பாத்த..."

அவ கரண்டியைக் கீழ வெச்சா.

"நான் ஒண்ணும் உங்க துப்பாக்கி ஜெயிக்கறதுக்குப் பொட்டு வெக்கலீங்க."

"அப்பறம்?"

"அந்தத் தராசு முன்னாடி உக்காந்தா நீங்க மூச்சே விடறதில்ல. ஒரு குண்டை வெப்பீங்க, அப்படியே கல்லாட்டம் இருப்பீங்க. நான் வாசப்படியில இருந்து பாத்துட்டே இருப்பேன். எண்ணுவேன். பத்து, பன்னண்டு, பதினஞ்சு. பிரஷர்க்காரரு. வேர்த்து ஊத்தும், ஃபேனும் கெடையாது. எப்ப மூச்சு வுடுவீங்கன்னு நான் இங்க மூச்சைப் புடிச்சிட்டு உக்காந்திருப்பேன். எந்திரிக்கச் சொன்னாக் கேக்கவா போறீங்க? அதான் அந்தத் தராசுகிட்டயே வேண்டிக்கிட்டேன். எங்கூட்டுக்காரரைப் பத்திரமா எந்திரிக்க வுடுன்னு."

மூச்சு. சுபேதாரு சொன்ன அதே மூச்சு. வெள்ளிக்கிழமைக்கு இருநூறு குண்டு, இருநூறு தரம் மூச்சை அடக்கிப் பழகியிருக்கேன் தம்பி. அந்தப் பழக்கத்தை அப்படியே ஞாயித்துக்கிழமை துப்பாக்கிகிட்டக் கொண்டு போயிருக்கேன். நின்னு நின்னு, அடக்கி அடக்கி, உடம்பு நடுங்கறப்பப் போய்ச் சுட்டிருக்கேன். அது ஒரு பக்கம். எட்டு மாசமா ஒருத்தி வாசல்ல உக்காந்து என்ற மூச்சை எண்ணிட்டிருந்திருக்கா. நான் நோட்டுல பக்கத்து ஊட்டு மோட்டாரை எழுதிட்டிருந்திருக்கேன்.

அந்த வெள்ளிக்கிழமை எடை போடல. ஃபேனைப் போட்டேன், ஃப்ரிட்ஜைப் போட்டேன், ஜன்னலைத் தொறந்து வுட்டேன். பக்கத்து ஊட்டுக்குப் போய், "மோட்டார் போடுங்க"ன்னு சொல்லிட்டு வந்தேன். அவரு பயந்து போய் அன்னைக்குப் பூரா மோட்டாரே போடல. கூடத்துல ஜாக்கெட்டை மாட்டிட்டு, குண்டில்லாத துப்பாக்கியைத் தூக்கிச் சுவத்தைக் குறி பாத்துட்டு நின்னேன். மயிலா பக்கத்துல சேர் போட்டு உக்காந்து எண்ணுனா. ஏழு வந்தா, "வுடுங்க"ம்பா. எறக்கிருவேன். மறுபடி தூக்குவேன். "வுடுங்க." ரெண்டு நாள் இதேதான். முப்பத்தஞ்சு வருசக் குடித்தனத்துல அவ இத்தனை தரம் எனக்கு உத்தரவு போட்டதும் இல்ல, நான் கேட்டதும் இல்ல.

ஞாயித்துக்கிழமை, டப்பாவுல இருந்து கைக்கு வந்த குண்டை எடுத்துப் போட்டேன். கனமோ லேசோ, அது பாடு. ஒவ்வொரு தரமும் காதுக்குள்ள அவ எண்ணறா. ஏழு. வுடுங்க. வுட்டுட்டு மறுபடி தூக்கறேன். சுபேதாரு பின்னாடி நின்னுட்டே இருந்தாரு.

ஐநூத்தி நாப்பத்தொண்ணு.

ஆமாங்க. ஒத்தப் பாயிண்டு மேல. அதுக்குத்தான் இப்ப மதுரைக்குப் போறேன், மாநிலப் போட்டி. அங்க எல்லாம் ஐநூத்தித் தொண்ணூறு சுடற பசங்க வருவாங்க. நான் கடைசியா வந்தாக்கூட ஆச்சரியமில்ல. பரவாயில்லீங்க. மச்சானுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "அப்படியா மாமா"ன்னான். அந்த 'அப்படியா' போதும் எனக்கு. மதுரையில மயிலாவுக்கு ஒரு புதுப் பணியாரச் சட்டி வாங்கோணும், அதுதான் இப்ப முக்கியம்.

கேக்கறீங்களே, அப்பறம் எதுக்கு இந்தத் தராசை மடியில வெச்சுட்டுப் போறீங்கன்னு. எடை போடறதுக்கில்லீங்க. இதுல பேட்டரியே இல்ல. காலையில கெளம்பறப்ப நானே கிண்ணத்தைத் தேடி எடுத்துக் குடுத்து, "வெச்சு வுடு"ன்னேன். "துப்பாக்கிக்குங்களா?"ன்னா. இதை நீட்டினேன். அவ பாத்துட்டு, தட்டைத் திருப்பி, பழைய எடத்துலயே வெச்சா. ஒண்ணுதான் வெச்சா. ஒண்ணு போதும்னா.

அட, பழனி வந்துருச்சா? பத்து நிமிசம் நிப்பான். நான் எறங்கி ஒரு டீ குடிச்சுட்டு மாத்திரையைப் போட்டுட்டு வந்துர்றேன். இதைச் சித்த நேரம் மடியில வெச்சுக்கங்க தம்பி. ரெண்டு கையிலயும் புடிங்க. ஆங், அப்படித்தான். சாய்ச்சுறாதீங்க, மூடின பெட்டி பாருங்க, உள்ள இன்னும் ஈரம் காஞ்சிருக்காது.

அட, என்னங்க தம்பி இது? நான் கொடுத்த நேரத்துல இருந்து பாத்துட்டிருக்கேன். மூச்சு வுடுங்க.